மூணாவது பின்

உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். (பார்த்தால் போதும், விரலை விட வேண்டாம்.) மூன்று ஓட்டைகள். கீழே சின்னதாக இரண்டு, மேலே பெரியதாக ஒன்று. கீழே இருக்கும் இரண்டு பேரும் ராப்பகலாக உழைக்கிறார்கள். ஒருவர் கரண்டைக் கொண்டுவந்து கொடுக்கிறார், இன்னொருவர் திருப்பி எடுத்துப் போகிறார். மேலே இருக்கும் பெரியவர் மட்டும் சும்மா இருக்கிறார். வீடு கட்டி இருபது வருஷம் ஆகியிருந்தால் இருபது வருஷமும் சும்மாதான் இருந்திருப்பார். ஆள் பெரிசு, இடம் உசரம், வேலை கிடையாது. 'எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார் சார்' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

இந்த வாரம் அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பெயர், எர்த்.

ஒரு பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக இருக்கும், கொஞ்சம் தடியாகவும் இருக்கும். நீளத்துக்குக் காரணம் உண்டு. செருகும்போது அதுதான் முதலில் உள்ளே போய்த் தொட வேண்டும். பிடுங்கும்போது அதுதான் கடைசியாக விட வேண்டும். கரண்டு வருவதற்கு முன்னால் காவல் வந்துவிட வேண்டும், கரண்டு போன பிறகுதான் காவல் போக வேண்டும் என்று கணக்கு. தடிமனுக்கும் காரணம் உண்டு. அவசரத்தில் அது வேறு ஓட்டையில் நுழைந்துவிடக் கூடாது. நம் முகம்கூடத் தெரியாத யாரோ ஒரு இன்ஜினீயர் நமக்காக உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார். அந்த யோசனையை நாம் என்ன செய்தோம்?

பல வீடுகளில் உடைத்துப் போட்டோம். 'மூணு பின் இந்த பாக்ஸ்ல போக மாட்டேங்குது' என்று மேல் பின்னை வெட்டிவிட்டு, இரண்டு பின்னில் ஓட்டுகிறோம். அல்லது, பிளக்கில் பின் இருக்கிறது, சுவரில் ஓட்டை இருக்கிறது, ஓட்டைக்குப் பின்னால் வயர் இல்லை. கோபுரம் கட்டி, பிராகாரம் கட்டி, கர்ப்பக்கிரகத்தில் சாமி வைக்க மறந்த கோயில் மாதிரி. மிஷின் ஓடுகிறதா? ஓடுகிறது. அப்புறம் என்ன?

அந்த 'அப்புறம் என்ன'வுக்குள் ஒரு பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடிக்கக் கொஞ்சம் தெற்கே, கோவில்பட்டிப் பக்கம் போக வேண்டும்.

கரிசல் பூமி. மேலை நாடுகளில் துணி உலர்த்துவதற்கென்றே ஒரு தனி மிஷின் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஹீட்டர், சூடான காற்று, சுழலும் டிரம். கோவில்பட்டியில் யாராவது அதை வாங்கினால் அது வெயிலுக்கே செய்கிற அவமானம். சித்திரை மாதம் வேட்டியை ஒரு முனையிலிருந்து கொடியில் விரித்துக்கொண்டே போனால், மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனை மொடமொட என்று ஆகியிருக்கும். ஆகவே நம் ஊரில் 'டிரையர்' என்றால் அர்த்தம் வேறு. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மிஷினில் துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது தொட்டிதான் டிரையர். அது சுற்றிப் பிழிந்து கொடுக்கும். மிச்சத்தை மாடியிலோ வளவு முற்றத்திலோ கட்டியிருக்கும் கொடிக்கம்பியும் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

மிஷினும் சரி, கொடியும் சரி, வீட்டிலேயே மின்சாரத்துக்கு மிகவும் பிடித்த இடங்கள். ஈரத் துணி, ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்கால், உலோகம். கரண்டு வேறென்ன கேட்கும்?

இந்த மண் கரண்டுக்காகத் தவம் கிடந்த மண். பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944-ல். அதற்கப்புறமும் கிராமம் கிராமமாகக் கம்பி வந்து சேர எத்தனையோ வருஷம் ஆனது. கம்பி வந்த பிறகும் கரண்டு வர வேண்டுமே! கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன், கரண்டு இல்லாமல் திண்டாடும் சம்சாரியை வைத்தே ஒரு கதை எழுதினார். 1992-ல் அது இந்திப் படமாகவும் ஆனது. அப்படி ஏங்கி வாங்கிய கரண்டுக்குப் பல வீடுகளில் போட்ட வயரிங், ஒரு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் போதுமானது. பிறகு மிஷின்கள் வர ஆரம்பித்தன. 2006-க்கு அப்புறம் அரசாங்கமே டி.வி. கொடுத்தது. 2011-லிருந்து மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் தவணையில் வந்தன. ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நுழைந்தபோது, சுவருக்குள் இருந்த வயரை யாரும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளை, மருமகள், பேரன், பேத்தி என்று குடும்பம் பெருத்த பிறகும் அதே ஒற்றை அறையில் குடியிருப்பது மாதிரி, அதே பழைய வயரில் எல்லா மிஷினும் குடியேறின.

மழைக்காலம் வந்தால் பேப்பரில் ஒரு செய்தி வரும். நீங்களும் படித்திருப்பீர்கள். 'துணி காயப் போட்டபோது மின்சாரம் தாக்கிப் பெண் பலி.' உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி, பத்து வரி. நடந்தது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் தகரக் கூரையின் விளிம்பில் உரசிக்கொண்டு கிடந்திருக்கும். காற்றில் ஆடி ஆடி ரப்பர் தேய்ந்து செம்போ அலுமினியமோ வெளியே எட்டிப் பார்த்திருக்கும். அந்தத் தகரத்தை ஒட்டி ஒரு கொடிக்கம்பி கட்டியிருக்கும். அல்லது வசதியாக இருக்கிறதே என்று மின்கம்பத்தின் ஸ்டே கம்பியிலேயே கொடியின் ஒரு நுனியை முடிந்திருப்பார்கள். வெயில் காலத்தில் ஒன்றும் ஆகாது. முதல் மழையில் ஆகும்.

அந்தப் பத்து வரியில் சில சமயம் இன்னொரு வரியும் இருக்கும். காப்பாற்றப் போன மகளும் பலி. அல்லது மாமியாரும். துடிக்கிறவரை ஓடிப்போய்ப் பிடித்து இழுப்பதுதான் பாசம். மின்சாரத்துக்குப் பாசம் புரியாது. அதற்கு அந்தக் கை இன்னொரு வழி, அவ்வளவுதான். (யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். இதை வீட்டில் குழந்தைகளுக்கும் ஒரு தடவை சொல்லி வையுங்கள்.)

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் சமீப வருஷங்களில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நாளைக்கு முப்பது பேருக்கு மேல். ஒரு பஸ்ஸில் பாதிப் பேர், தினமும். பஸ் கவிழ்ந்தால் தலைப்புச் செய்தி. இவர்கள் ஒவ்வொருவராக, ஒவ்வொரு ஊரில், ஒவ்வொரு வீட்டில் போவதால் உள்பக்கம்.

சரி, நம்ம பெரியவர் இதில் என்ன செய்வார்?

மிஷினுக்குள் ஒரு வயரின் உறை எலி கடித்தோ, சூட்டில் இளகியோ போய்விடுகிறது என்று வையுங்கள். வயர் மிஷினின் தகர உடம்பைத் தொடுகிறது. எர்த் ஒழுங்காக இருந்தால், அந்தக் கரண்டு பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போகிறது. எர்த் இல்லாவிட்டால்? ஒன்றும் நடக்காது. அதுதான் பயங்கரம். மிஷின் பாட்டுக்கு ஓடும். அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட், மண்ணுக்குப் போக வழி தேடிக் காத்துக்கொண்டிருக்கும். ஈரக் காலோடு யார் முதலில் வந்து தொடுகிறாரோ, அவர்தான் வழி. அதாவது, எர்த் கம்பி இல்லாத வீட்டில் எர்த் கம்பியின் வேலையை ஒரு மனிதர் செய்ய வேண்டியிருக்கிறது.

'ஃபியூஸ் இருக்கே சார், அது போயிடாதா?' என்று கேட்பீர்கள். ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற வந்தது, மனிதரைக் காப்பாற்ற வந்ததல்ல. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஐந்து ஆம்பியருக்கு மேலே போனால்தான் உருகும். மனித நெஞ்சைத் தடுமாற வைக்க அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பலருக்குப் பிடித்த கையை விட முடியாமல் போகும். முப்பதைத் தாண்டிச் சில நொடி நீடித்தால் உயிருக்கு ஆபத்து. முப்பது மில்லி ஆம்பியர் என்பது ஏழு வாட் பல்பு ஒன்றுக்குத் தேவையான கரண்டு. நைட் லாம்ப் அளவு. ஃபியூஸுக்கு அது கொசுக்கடி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த வீட்டிலும் இது திடீரென்று வருவதில்லை. மிஷின் பல சமயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 'லேசா சுள்ளுனு பிடிக்கி மதினி.' 'ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டா ஒரு மாதிரி இழுக்கி.' அதற்கு நாம் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் பதில் என்ன? 'செருப்பப் போட்டுக்கிட்டுத் தொடு.'

இந்த ஒரு வாக்கியத்தை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கோளாறு மிஷினில். திருந்த வேண்டியது தொடுகிறவர். மிஷின் அப்படியேதான் இருக்கும், நீ உன்னைப் பார்த்துக்கொள். ஆபத்தை அகற்றும் பொறுப்பை, ஆபத்தில் இருப்பவர் காலில் ஒரு ஜோடி ரப்பராக மாட்டிவிடுகிறோம். வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியன் செலவு மிச்சம்.

இதில் இன்னொன்று இருக்கிறது. நம் வீடுகளில் துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க வருகிற பெண்கள் செருப்பை எங்கே விடுகிறார்கள்? வாசலில். நடைமுறை அப்படி. நாமும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். வீட்டுக்குள் ஹவாய் செருப்போடு மிஷினைத் தொடும் சலுகை வீட்டுக்காரருக்கு உண்டு. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று டிரையரிலிருந்து துணியை அள்ளும் கைகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. நம்முடைய ஒரே பாதுகாப்பு உபாயம்கூட, அது யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குப் பொருந்தாத மாதிரி அமைந்திருக்கிறது.

வீட்டு வயரிங்கில் காசு செலவு பண்ணுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் ஒருவர். மிஷினைத் தினமும் தொடுபவர் இன்னொருவர். வாடகை வளவுகளில் தீர்மானிப்பவர் வேறு தெருவில் இருக்கிறார், சில சமயம் வேறு ஊரில். ஐந்தாறு குடித்தனத்துக்குப் பொதுவாக ஒரு துவைகல், ஒரு கொடிக்கம்பி. 'அண்ணாச்சி, சுவத்துல ஷாக் அடிக்கி' என்றால், 'பாத்துக்கிடலாம், தீவாளி கழியட்டும்' என்று பதில் வரும். அவர் கெட்டவர் இல்லை. கோயிலுக்கு டியூப் லைட் உபயம் பண்ணுகிறவர்தான், அதில் பெயர்கூட எழுதியிருக்கும். எர்த் குழியில் பெயர் எழுத முடியாது. இந்த வருஷம் உங்கள் வளவில் யாரும் சாகவில்லை என்று யாரும் போஸ்டர் ஒட்டப் போவதும் இல்லை.

கேள்வி இப்போது முழுசாக வந்துவிட்டது. அநேகமாக நடக்கவே போகாத ஒன்றுக்காக, நான் அதிகம் தொடாத ஒரு மிஷினில், நன்றி சொல்லப் போகாத ஒருவருக்காக, இன்று என் கைக்காசைச் செலவு பண்ண நான் கடமைப்பட்டவனா?

'நான் யாருக்கும் ஒரு தீங்கும் பண்ணலையே' என்று பதில் சொல்லலாம். உண்மைதான். எர்த் போடாதவர் ஒன்றுமே பண்ணவில்லை. ஆனால் நான் படித்தது பி.காம். அங்கே எங்களுக்கு முதல் வருஷமே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மார்ச் மாதம் கரண்டை உபயோகித்தாயிற்று, பில் ஏப்ரலில்தான் வரும். மார்ச் 31-ல் கணக்கை முடிக்கும்போது அந்தச் செலவை எழுத வேண்டுமா? எழுத வேண்டும். பில் வராததால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. கடன், நீ உபயோகித்த அன்றைக்கே பிறந்துவிட்டது. பில் வெறும் அறிவிப்பு. இப்படி எழுதாமல் விட்டு லாபம் காட்டினால் அதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம் இல்லை, பொய்க் கணக்கு.

தகர உடம்பு வைத்த ஒரு மிஷினை வீட்டில் வைத்து, அதை இன்னொருவரைத் தொடச் சொன்ன அன்றைக்கே என் கடன் பிறந்துவிடுகிறது. விபத்து என்பது பில். அது வரலாம், வராமலும் போகலாம். 'முப்பது வருஷமா ஒண்ணும் ஆகல' என்பவர் முப்பது வருஷமாகப் பில் வரவில்லை என்றுதான் சொல்கிறார். எல்லா முப்பது வருஷமும் முப்பத்தோராவது வருஷம் வரைக்கும் சரியாகத்தான் இருக்கும்.

'எல்லாத்துக்கும் காப்பு கட்டிக்கிட்டே இருந்தா வாழவே முடியாது சார்' என்று இன்னொருவர் சொல்வார். அதிலும் நியாயம் உண்டு. உலகத்தில் உள்ள அத்தனை ஆபத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்க முடியாது. இடி விழுந்தால் நான் என்ன செய்வேன்? ஆனால் இந்த மிஷின் இடி இல்லை. நான் வாங்கி, நான் வைத்து, நான் பிளக் மாட்டியது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்து, தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் ஒரு பெண்ணிடம் 'நீ ஏம்மா எர்த் போடலை' என்று கேட்க எனக்கு வாய் வராது. அவர் வீட்டுக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், லைன் இழுத்தவர் ஒருவர் இருக்கிறார், மிஷினைக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். யாரிடம் தீர்மானிக்கிற அதிகாரம் இருக்கிறதோ, அவரிடம் கடனும் இருக்கிறது. அதிகாரம் முழுக்க இருப்பவருக்கு முழுக் கடன், பாதி இருப்பவருக்குப் பாதி.

தற்காலிகமாக விடுகிற ஓட்டை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது, அதுவும் டிரையர் கதை. இரண்டாம் உலகப் போர் சமயம். செம்புக்குத் தட்டுப்பாடு. மின்சார அடுப்பின் உலோக உடம்புக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி வேண்டாம், நியூட்ரல் கம்பியிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று மின்சார விதியில் ஒரு சலுகை கொடுத்தார்கள். கம்பி மிச்சம். பின்னால் துணி உலர்த்தும் டிரையருக்கும் அந்தச் சலுகை வந்துவிட்டது. இதில் என்ன ஆபத்து? நியூட்ரல் கம்பி எங்கேயாவது அறுந்தாலோ, ஸ்குரூ தளர்ந்தாலோ, திரும்பிப் போக வேண்டிய கரண்டு மிஷினின் உடம்பில் வந்து நிற்கும். போர் 1945-ல் முடிந்தது. செம்பு கிடைக்க ஆரம்பித்தது. புதிய இணைப்புகளுக்கு அந்தச் சலுகையை எப்போது நிறுத்தினார்கள் தெரியுமா? 1996-ல். அரை நூற்றாண்டு! பழைய வீடுகளில் பழைய கம்பி அதற்குப் பிறகும் தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள்.

நம் ஊரிலும் அதே வித்தை உண்டு. 'எர்த் இல்லை சார், நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் போட்டுட்டேன், மிஷின் அருமையா ஓடும்' என்று சில பேர் சொல்வார்கள். யாராவது அப்படிச் சொன்னால் உடனே கழற்றச் சொல்லுங்கள். அங்கே போராவது நடந்தது. இங்கே மிச்சம் பிடிப்பது பத்து மீட்டர் பச்சை வயர். என்றைக்காவது ஒரு நாள் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிப் போனால், எர்த் பின்னே நேராகக் கரண்டைக் கொண்டுவந்து மிஷின் உடம்பில் சேர்க்கும். காவல்காரனே கன்னக்கோல் வைக்கிற கதை.

பழைய வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்னெல்லாம் எர்த் வயரைக் குழாய்த் தண்ணீர் வரும் இரும்பு பைப்பில் கட்டிவிடுவார்கள். இரும்பு மண்ணுக்குள் போகிறது, ஏதோ ஓடியது. பிறகு பைப் துருப்பிடித்தது, பிளம்பர் வந்து பி.வி.சி. மாற்றினார். தண்ணீர் நன்றாக வந்தது. எர்த் அன்றோடு செத்தது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பெரியவர் உயிரோடு இருந்தபோதும் சும்மாதான் இருந்தார்.

'நம்ம வீட்டில் தனியாக எர்த் குழி இருக்கிறது' என்று நிம்மதியாக உட்காருகிறவர்களுக்குக் கரிசல் மண் ஒரு பாடம் வைத்திருக்கிறது. எட்டடிக்குக் குழி வெட்டி, ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவார்கள். கரிசல் ஈரத்தைப் பிடித்தால் லேசில் விடாது, ஈரம் இருக்கும் வரை கரண்டுக்கு அருமையான வழி. ஆனால் இங்கே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். பங்குனி, சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். கையை விட்டால் முழங்கை வரை போகிற வெடிப்பு. மண் சுருங்கிப் பைப்பை விட்டு விலகிப் போகும். மழைக்காலத்தில் கெட்டியாகக் கைகுலுக்கிய மண், கோடையில் கையை எடுத்துக்கொள்கிறது. குழி அங்கேயேதான் இருக்கிறது. எர்த் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த மண்ணில் எர்த்தின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். வாஷிங் மிஷின் லைனில் இருப்பது 16 ஆம்பியர் பிரேக்கர். அது அசையாது. எர்த் இருந்தும் மிஷின் உடம்பில் கரண்டு நிற்கும். இதற்குத்தான் ஆர்.சி.சி.பி. என்று ஒரு பெட்டி. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று ஓயாமல் டேலி பார்க்கிற கணக்கப்பிள்ளை. 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தாலும் கண் சிமிட்டும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு இவர்மேல் தனி மரியாதை. ஆனால் எர்த் இல்லாத வீட்டில், மனிதர் தொட்டுக் கரண்டு அவர் வழியாகப் போன பிறகுதான் இவருக்கு விழிப்பு வரும். எர்த்தும் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே துண்டித்துவிடுவார். ஆகவே இரண்டு பேரும் வேண்டும்.

கோடையில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைச் சென்னையில் சொல்வது வேறு, கோவில்பட்டியில் சொல்வது வேறு. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வந்து சேர்ந்து, அதைக் குடம் குடமாகப் பிடித்து வைத்துப் புழங்கிய ஊர். மண்ணுக்குள் இருக்கிற பைப்புக்குத் தண்ணீரா என்று கேட்டால் கோபிக்க முடியாது. நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. வாஷிங் மிஷினிலிருந்து வெளியேறும் அலசிய தண்ணீர் போதும், ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் போதும். மிஷின் குடித்த தண்ணீரே மிஷினுக்குக் காவல். செலவு, நினைப்பு மட்டும்தான்.

அந்த நினைப்புதான் கஷ்டம். எர்த் ஒரு தடவை போட்டு மறந்துவிடுகிற விஷயமாக இருந்தால், அது வெறும் செலவு. வருஷா வருஷம் சித்திரை வரும்போது ஞாபகம் வைத்து, யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல் ஒரு குழியில் இரண்டு வாளி ஊற்ற வேண்டியிருப்பதால்தான் அது அறம் என்ற பெயருக்குப் பக்கத்தில் வருகிறது. சட்டம் இதைச் செய்யாது. உலோக உடம்புள்ள கருவிகளுக்கு எர்த் வேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளே சொல்லின. 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு விதிகளைப் புதுப்பித்தது. விதியில் குறைச்சல் இல்லை. கனெக்‌ஷன் கொடுக்கும் நாளில் ஒருவர் வந்து பார்ப்பார். அதற்கப்புறம் உங்கள் குழி காய்ந்ததா, பச்சை வயர் அறுந்ததா என்று பார்க்க ஈ.பி.யிலிருந்து யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

ஆகவே நாம்தான். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை ஒரு அரை நாள் கூப்பிடுங்கள். எந்த பிளக்கில் எர்த் உயிரோடு இருக்கிறது, எதில் இல்லை என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள், இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். கொடிக்கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். உங்களுக்கு வாடகை வீடு இருந்தால் அங்கேயும். எல்லாம் சேர்ந்து ஒரு பட்டுப் புடவை விலைக்குள் அடங்கும். புடவையைப் பார்த்து நாலு பேர் விசாரிப்பார்கள். இதை யாரும் விசாரிக்க மாட்டார்கள், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் வீட்டில் துணி துவைக்க வரும் அம்மாவிடம், அல்லது உங்கள் வளவில் கடைசி வீட்டில் குடியிருப்பவரிடம், சாதாரணமாகக் கேளுங்கள். 'ஏம்மா, இங்க எதையாவது தொட்டா சுள்ளுனு பிடிக்குதா?'

டெஸ்டரைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். எந்த மிஷின், எந்தப் பக்கம், எந்தக் கிழமை என்பது வரைக்கும் தெரிந்திருக்கும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.